மாவிலைத் தோரணமும் பச்சை ஒயரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. மின்சாரத்தில் நம்பிக்கை உண்டு, அதுவும் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்தப் பொம்பளைக்கு முன்னாலிருந்தே கொஞ்சம் அப்படி இப்படித்தான் போலிருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ரெஜினா. டத்தோ கிராமாட் என்ற பேட்டையில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, கொட்டகை நிறைய கேபிள் சுருள்களும் விளக்குகளும். நான் லைசென்ஸ் உள்ள வயரிங்காரி. கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள் என்று எங்கே தற்காலிகமாக மேடை போட்டாலும் அதற்கு மின்சாரம் கொண்டுவந்து கொடுப்பது என் பிழைப்பு. விளக்கு நன்றாக எரிந்தால் விளக்குக்காரனுக்குக் கைதட்டல், அணைந்தால் எனக்கு ஏச்சு. பழகிவிட்டது.

இந்தத் தொழிலில் பேய்க் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மண்டபத்தில் விளக்கு தானாக மங்குகிறது, தானாகப் பிரகாசமாக எரிகிறது என்று எலுமிச்சம்பழம் வெட்டி வாசலில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நியூட்ரல் ஒயர் திருகாணி லூசாக இருந்தது. திருகினேன், பேய் போய்விட்டது. எலுமிச்சம்பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜூஸ் போட்டேன், என் கணவர் சேவியர் பயந்துபோய் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார், அறிவியல் வேறு சொல்லிக்கொடுக்கிறார். நான் இப்படிப்பட்ட ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், இரண்டு ரதங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் நாள், வழியெல்லாம் பந்தல் போடுவார்கள் அல்லவா. அதில் ஒரு பந்தலின் தலைவர் குமரேசன் அண்ணன், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர், இந்த முறை பந்தலோடு ஒரு மேடையும் போட்டு நாட்டியம் வைக்க வேண்டும் என்று வந்து நின்றார். பன்னிரண்டு பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதில் ஒருத்தி என் மகள் அனித்தா. நாங்கள் கத்தோலிக்கர்கள்தான், ஆனால் அவளுக்கு ஐந்து வயதிலிருந்து பரதம் என்றால் உயிர், ஆடட்டும் என்று விட்டுவிட்டோம்.

குமரேசன் அண்ணன் தங்கமான மனிதர். ஆனால் மின்சாரம் என்றால் சுவரில் இருக்கும் ஓட்டையிலிருந்து இலவசமாக வருவது என்று நினைப்பவர்.

"எதுக்கும்மா ஜெனரேட்டர்லாம்? எதிர் வீட்டு சீனரு நல்ல மனுஷன்லா. கேட்டா பிளக் குடுத்துருவாரு. ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்தா முடிஞ்சிச்சி."

"அண்ணே, நாட்டிய டீச்சர் என்ன விளக்கு கேட்டிருக்காங்க தெரியுமா? எல்.ஈ.டி. போட்டா பிள்ளைங்க மூஞ்சி நீலமா தெரியுதாம். பழைய மஞ்சள் லைட்டுதான் வேணுமாம். அது ஒண்ணொண்ணும் ஒரு இஸ்திரிப் பெட்டி மாதிரி. இருபது இஸ்திரிப் பெட்டிய அந்த சீனர் வீட்டு பிளக்ல சொருகுனா, மேடையும் இருட்டு, அவரு வீடும் இருட்டு."

"அப்ப சரிலா. நீயே பாத்து செய்."

பார்த்துத்தான் செய்தேன். சத்தம் வராத ஜெனரேட்டர், அதுவும் தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி உள்ளது, ஏனென்றால் முழு மூச்சில் ஓடும் இயந்திரம் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. கேபிள் தடித்த ரப்பர் கேபிள், மேலே ஆள் நடந்தாலும் தள்ளுவண்டி ஏறினாலும் தாங்கும். பிளக்கெல்லாம் தண்ணீர் புகாத நீல நிற பிளக். புல்தரையில் எர்த் கம்பி அடித்து, அதிலிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்து, மேடையைச் சுற்றி நிற்கும் டிரஸ்ஸில் இறுக்க வேண்டும். டிரஸ் என்பது வேறொன்றுமில்லை, விளக்குகளைத் தொங்கவிடும் அலுமினியச் சட்டம், நான்கு மூலையிலும் நான்கு கம்பம், மேலே எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். கம்பங்களின் அடியில் ரப்பர் பாதம் இருப்பதால் அது தானாகத் தரையோடு சேராது, அந்தப் பச்சை ஒயர்தான் அதற்கும் பூமிக்கும் உள்ள ஒரே சொந்தம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஈ.எல்.சி.பி. என்று ஒரு சாமான். மின்சாரம் போக வேண்டிய வழியில் போகாமல் ஒரு மனித உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கினால், அந்த ஆள் ஐயோ என்று சொல்வதற்குள் இது கண்டுபிடித்து வெட்டிவிடும். கைப்பிடி டக்கென்று கீழே விழும், விளக்கு அணையும், ஆள் பிழைப்பான். சில மேடைக்காரர்களுக்கு இது ஜென்ம விரோதி, ஏனென்றால் சின்னக் கசிவுக்கும் விழுந்து நிகழ்ச்சியைக் கெடுக்கும். எனக்கு அப்படி இல்லை. தைப்பூசத்தில் ஒருத்தர் காலிலும் செருப்பு கிடையாது, ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்து ரோடெல்லாம் தேங்காய்த் தண்ணீர் ஓடும், அதன் நடுவே சுற்றிலும் உலோகக் கம்பம் நிற்கும் மேடையில் வெறுங்காலோடு ஆடப்போவது நான் பெற்ற பிள்ளை. ஈ.எல்.சி.பி. இல்லாமல் ஒரு பல்புகூட எரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் பெட்டிகளெல்லாம் அந்த நேரத்தில் வேறு பந்தல்களுக்குப் போய்விட்டன. அதனால் செல்வத்திடம் கேட்டேன். செல்வம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் வேலை, லீவு நாளில் என்னோடு வந்து, மேடை விளக்குகளை ஏற்றி இறக்கும் சுவிட்சுப் பலகையில் உட்காருவான். அவன் யாரிடமோ பழையதாக வாங்கி வைத்திருந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். பெரிய இரும்புப் பெட்டி, உள்ளே மெயின் ஈ.எல்.சி.பி., பக்கத்தில் வரிசையாகச் சின்ன பிரேக்கர்கள், எல்லாவற்றையும் மூடி ஒரு தகடு. ஜெனரேட்டரோடு இணைத்ததும், விளக்குகளைச் சொருகுவதற்கு முன்னாலேயே, ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். கைப்பிடி டக்கென்று விழுந்தது. சபாஷ் என்று தூக்கிவிட்டேன். பெட்டியை மேடைக்குப் பின்னால் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் மாட்டிக்கொண்டேன். தைப்பூசக் கூட்டத்தில் யார் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

காலையில் எல்லாம் சரியாக இருந்தது. விளக்கு எரிந்தது, பாட்டு பாடியது. மத்தியானத்துக்கு மேல் முதல் ரதம் வந்தது, பந்தலுக்கு முன்னால் குவித்திருந்த தேங்காய்களை உடைத்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்களோ இல்லையோ, அது ஒரு மழை. கணுக்கால் வரை தேங்காய்த் தண்ணீர். ரதம் தாண்டியதும் பிள்ளைகள் துடைப்பமும் பலகையும் வைத்து ஓடுகளையும் தண்ணீரையும் ஓரமாகத் தள்ளினார்கள். ஓரம் என்றால் எங்கே, எங்கள் மேடைப் பக்கம்தான். என் கேபிளும் பிளக்கும் அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தன, அதனால் நான் கவலைப்படவில்லை. இரண்டாவது ரதம் வருவதற்குள் நாட்டியத்தை முடிக்க வேண்டும், அதுதான் திட்டம். பசிக்கிறதே என்று நான் போய் ஒரு தட்டு சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, விளக்கைப் போடச் சொன்னேன். இருபது விளக்கும் எரிந்தன. கொஞ்ச நேரம்தான். டப்பென்று எல்லாம் அணைந்தது.

பின்னால் போய்ப் பூட்டைத் திறந்தேன். ஈ.எல்.சி.பி. கைப்பிடி கீழே கிடந்தது. ஜெனரேட்டர் பாட்டுக்கு ஓடுகிறது, அதிலிருந்து தனி லைனில் போன பந்தல் மின்விசிறிகள் சுற்றுகின்றன, மோர் வைத்திருந்த ஐஸ் பெட்டி உறுமுகிறது. மேடை மட்டும் இருட்டு. சரி, எங்கேயோ ஈரம் என்று நினைத்துத் தூக்கிவிட்டேன். எரிந்தது. பூட்டிவிட்டு மேடைக்கு முன்னால் வருவதற்குள் மறுபடியும் அணைந்தது.

இப்போது எனக்குக் கோபம். மின்சாரம் என்னோடு விளையாடினால் எனக்குப் பிடிக்காது. எல்லா லைனையும் கழற்றி, ஒவ்வொன்றாக மீட்டரை வைத்து எர்த்துக்குக் கசிகிறதா என்று பார்த்தேன். சுத்தம். பிளக்கைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. தரையில் ஓடிய கேபிளை நெடுகத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. ஈ.எல்.சி.பி. விழுந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், காரணம் இருந்தால் மீட்டரில் தெரிய வேண்டும், தெரியவில்லை.

குமரேசன் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். பிரமுகர் யாரோ வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டாராம், இரண்டாவது ரதம் கிளம்பிவிட்டதாம்.

"ரெஜினா, அந்த விழுற சாமான கழட்டி போடும்மா. மத்த பந்தல்ல எல்லாம் அது இருக்கா என்னா? அவங்க லைட்டு எரியலையா?"

செல்வமும் கூட நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான். "அக்கா, எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டீங்க. கிளீனா இருக்கு. அதுதான் பழசாயிருச்சி போல. நேரா குடுத்துருவோமா? ஒரு மணி நேரம்தானே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கை அரித்தது. அத்தனை பேர் பார்க்கிறார்கள், மைக்கில் ஒருத்தன் "சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்று என் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறான். ஸ்பேனர்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது அனித்தா வெறுங்காலோடு அந்த மேடையில் ஏறுவது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. என்னால் முடியவில்லை.

"எம் பொண்ணு ஆடுறாண்ணே. கழட்ட மாட்டேன். வேணும்னா நிகழ்ச்சிய நிறுத்துங்க."

நான் மூன்றாவது முறையாகக் கைப்பிடியைத் தூக்கினேன். எரிந்தது. பெட்டியைப் பூட்டிவிட்டு, இந்த முறை முன்னால் போகாமல், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே மேடையைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்ப்போம் என்று பின்பக்கக் கம்பத்துக்கு வந்தேன். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது.

கம்பத்தில் ஒரு புது வாழை மரம் நின்றது. நான் காலையில் பார்த்தபோது அங்கே வாழை இல்லை. நான் சாதம் சாப்பிடப் போன நேரத்தில், முதல் ரதத்தின் நெரிசலில் பந்தல் வாசல் வாழையும் தோரணமும் பிய்ந்துவிட்டன, இரண்டாவது ரதத்துக்கு மூளியாகவா நிற்பது என்று பந்தல் ஆட்கள் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கட்டியிருக்கிறார்கள். மேலே அண்ணாந்து பார்த்தேன், கம்பத்துக்குக் கம்பம் மாவிலைத் தோரணம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கயிறு கிடைக்கவில்லை போலிருக்கிறது, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பத்தை மட்டுமல்ல, கம்பத்தோடு மேலே ஏறும் என் விளக்குக் கேபிளையும் சேர்த்து, குறடு வைத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கி, கம்பி ரப்பருக்குள் புதைந்து போயிருந்தது. கீழே பார்த்தேன். என் பச்சை ஒயர் கழன்று புல்லில் கிடந்தது. வாழையை ஒட்டி நிறுத்த இடைஞ்சலாக இருக்கிறது, இது எதற்கு, எரிகிற ஒயர் மாதிரித் தெரியவில்லையே என்று கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? பச்சை ஒயர் போனதால் டிரஸ்ஸுக்கும் பூமிக்கும் சொந்தம் விட்டுப்போயிற்று. அதனால்தான் என் மீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. கம்பி கேபிளைக் கடித்திருந்தால் முழு டிரஸ்ஸும் கரண்டோடு சும்மா நிற்கும், யாராவது வந்து தொடும்வரை காத்துக்கொண்டு நிற்கும்.

டெஸ்டரைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன், பேனா மாதிரி இருக்கும், கரண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே நுனியில் சிவப்பு விளக்கு எரியும். கம்பத்துக்கிட்டே நீட்டினேன்.

சிவப்பு.

"ஆஃப்! ஆஃப் பண்ணு! யாரும் தொடாதீங்க!" என்று என் வாழ்நாளில் கத்தாத கத்து கத்தினேன். முதல் "ஆஃப்" என் வாயிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் விளக்குகள் அணைந்துவிட்டன. செல்வம்தான் அணைத்தான் என்று நினைத்தேன். அவன் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்து, "நான் ஒண்ணும் தொடலக்கா, அதுவா போயிருச்சி" என்றான். பெட்டியைத் திறந்தேன். கைப்பிடி கீழே கிடந்தது.

அதன்பிறகு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. குமரேசன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், தோரணம் கட்டிய ஆட்கள் முகத்தில் ரத்தம் இல்லை. ஏசி முடித்துவிட்டு, ஜெனரேட்டரை நிறுத்தி, கட்டுக்கம்பியை வெட்டி எறிந்தேன், கேபிளை மாற்றினேன், பச்சை ஒயரைத் திரும்ப இறுக்கினேன், நான்கு கம்பத்திலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். தோரணத்தை ரஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் நானே கட்டினேன், இல்லாவிட்டால் மறுபடியும் யாராவது கம்பியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"யாராச்சும் கம்பத்த தொட்டீங்களா? இவ்வளவு நேரம் யாராச்சும் தொட்டீங்களா?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டேன். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஆடும் பிள்ளைகள் அந்தப் பக்கம் வேனில் உடுத்திக்கொண்டிருந்தார்கள் என்று டீச்சர் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கைப்பிடியைத் தூக்கினேன். எரிந்தது. அப்படியே நின்றேன், இப்போது விழும், இப்போது விழும் என்று. விழவில்லை. நாட்டியம் முடிந்து, இரண்டாவது ரதம் வந்து போய், பந்தலைப் பிரிக்கும்வரை அது விழவே இல்லை.

அனித்தா ஆடினாள். அவள் கால் தரையில் படும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிராப் தண்ணீர் குடித்துக்கொண்டே அழுதேன். நாட்டியத்தைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து ஒரு அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்து, "நல்லா ஆடுதும்மா உங்க பொண்ணு" என்றார். ஆமாம் என்றேன். பிழைத்தோம், அது போதும். அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கம் மாதிரி என் ஆயுசில் தூங்கியதில்லை.

இதுவரைக்கும் சொன்னதில் என்ன அமானுஷ்யம் என்று கேட்பீர்கள். ஈ.எல்.சி.பி. இருந்தது, யாரோ தெரியாமல் கம்பத்தில் உரசியிருப்பார்கள், அது தன் வேலையைச் செய்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஊரெல்லாம் அதைப் பற்றிப் பிரசங்கம் வேறு பண்ணினேன்.

தைப்பூசம் முடிந்து, பெட்டியைச் செல்வத்திடம் திருப்பிக் கொடுக்கும் முன் தேங்காய்த் தண்ணீர் பிசுக்கைத் துடைத்துக் கொடுப்போம் என்று கொட்டகையில் வைத்து உள்தகட்டைக் கழற்றினேன். கழற்றிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஈ.எல்.சி.பி. எதையும் வெட்டக்கூடிய நிலையில் இல்லை. செல்வத்துக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், நிகழ்ச்சி நடுவில் விழுகிறது என்று எரிச்சல்பட்டு, உள்ளே வரும் ஒயரை நேராகச் சின்ன பிரேக்கர்களுக்குக் கொடுத்துவிட்டான். ஈ.எல்.சி.பி.க்கு உள்ளே வரும் ஒயர் மட்டும் இருக்கிறது, வெளியே போகும் ஒயரே இல்லை. டெஸ்ட் பட்டனை அமுக்கினால் கைப்பிடி விழும், சோதிக்க வருகிறவர்கள் திருப்தியாகப் போவார்கள், அவ்வளவுதான். அது விழுந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். விழாமல் இருந்தாலும் எரியும். மின்சாரம் அதன் வழியாகப் போகவே இல்லை, அப்புறம் எங்கே கசிவைக் கண்டுபிடிப்பது, எதை வெட்டுவது.

நம்புங்கள் நம்பாமல் போங்கள், நான் என் கண்ணையே நம்பவில்லை. கொட்டகையில் மின்சாரம் கொடுத்து ஒரு விளக்கை மாட்டினேன். கைப்பிடியைக் கீழே தள்ளினேன், விளக்கு எரிந்தது. தூக்கினேன், எரிந்தது. தள்ளினேன், எரிந்தது. பைத்தியக்காரி மாதிரி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தேன், சேவியர் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார். ஒரு முறைகூட அந்த விளக்கு அணையவில்லை.

செல்வத்துக்குப் போன் அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கி அணைஞ்சிச்சில? நம்ம ரெண்டு பேரும் பாத்தோம்ல?"

"பாத்தோம்."

"அப்ப எப்படிக்கா?"

"எனக்கு எப்படிரா தெரியும்?"

ஒருவேளை ஜெனரேட்டரே அந்த லைனை வெட்டியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம், சேவியரும் சொன்னார். ஜெனரேட்டர் வெட்டியிருந்தால் ஜெனரேட்டரில்தான் தூக்கிவிட வேண்டும், பெட்டியில் இல்லை. நான் தூக்கியது பெட்டியில், அதுவும் ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறந்து. குமரேசன் அண்ணன் விஷயம் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முருகன்தான் என்றார். என் அக்கா மாதாதான் என்றார். இரண்டு பேரும் அதற்காக என்னிடம் சண்டைக்கு வருவார்கள் போலிருந்தது. யாராக இருந்தாலும் சரி, என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், நான் இரண்டு பேருக்கும் மெழுகுவர்த்தியும் கற்பூரமும் ஏற்றிவிட்டேன். அந்தப் பெட்டியை உடைத்து, ஈ.எல்.சி.பி.யைத் தனியாக வீசி, செல்வத்தைப் புதுப் பெட்டி வாங்கச் சொன்னேன். இப்போதெல்லாம் கடன் வாங்கும் பெட்டியின் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு பல்புகூடப் போடுவதில்லை. அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன மாதம் அனித்தாவின் பிறந்தநாள். சேவியர் ஒரு படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டிவிட்டார். அந்த ரத நாளன்று அவளுடைய தோழி தர்ஷினி போனில் எடுத்த படமாம். உடுத்தி முடித்ததும் இரண்டு பேரும் டீச்சருக்குத் தெரியாமல் வேனிலிருந்து நழுவி வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்ப ஓடிவிட்டார்களாம். நான் அதுவரை பார்த்ததில்லை.

மேடையின் முன்பக்கக் கம்பத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்து அனித்தா நிற்கிறாள். சலங்கை கட்டிய வெறுங்கால் இரண்டும் தேங்காய்த் தண்ணீரில். மேலே புது மாவிலைத் தோரணம், கட்டுக்கம்பி பளபளக்கிறது. இருபது விளக்கும் எரிகின்றன.

"அப்ப கம்பம் எப்படிடி இருந்துச்சி?" என்று கேட்டேன்.

"எப்படின்னா? கம்பம் மாதிரிதாம்மா இருந்துச்சி. கொஞ்சம் சில்லுனு இருந்துச்சி. ஏம்மா?"

சும்மா கேட்டேன் என்றேன்.

அந்த நேரத்தில் கம்பத்தில் கரண்டு ஏறியிருக்காது, அதற்கு அப்புறம்தான் ஏறியிருக்கும் என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்வீர்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் படத்துக்குக் கிட்டே போனேன். அவள் தோளுக்குப் பின்னால், மேடைக்கு அந்தப் பக்கம், வாழை இலைக்கு நடுவே ஒரு பொம்பளை குனிந்து நிற்கிறாள். நான்தான். டெஸ்டர் பிடித்த கையைக் கம்பத்துக்கு நீட்டியிருக்கிறேன், நுனியில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி எரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படம் அழகாக இருக்கிறது என்கிறார்கள். அந்தப் புள்ளி என்ன என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, சேவியரிடமும் நான் சொல்லவில்லை.